கொடுத்தவர் அறியாமல் ஒரு துளியும் கூடாது

மாதிரி கொடுப்போர் உரிமைக்கான கொள்கைப் பிரகடனம்

மனித மரபணு ஆய்வுகளுக்கு ரத்தமும் எச்சிலும் திசுவும் கொடுக்கிறவர்களின் உரிமைக்காக நாங்கள் ஓர் இயக்கம் தொடங்குகிறோம். எங்களில் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். செவிலியர்கள், வழக்கறிஞர்கள், கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் சோகை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இருக்கிறார்கள். இயக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. அது பிறகு வரட்டும். எதற்காகச் சேர்ந்தோம் என்பதில் எங்களுக்குள் சண்டை கிடையாது. ஒருவர் உடம்பிலிருந்து எடுத்த மாதிரி குழாய்க்குள் போனதும் அதன்மேல் அவருக்குள்ள உரிமை தீர்ந்துவிடுவதில்லை. அந்த உரிமையைச் சட்டம் எழுத்தில் ஏற்க வேண்டும்.

இன்று இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன, நல்ல நெறிமுறைகள். கொடுப்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், விலக விரும்பினால் விட வேண்டும், பலன் வந்தால் பகிர வேண்டும் என்றெல்லாம் அவற்றில் உண்டு. புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019-ஆம் ஆண்டு விதிகள் வந்தபின் ஆய்வு நிறுவனங்களின் நெறிக்குழுக்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். ஆனால் நெறிமுறையை மீறியவர்மீது ரத்தம் கொடுத்தவர் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? மாதிரியைத் திருப்பிக் கேட்டால் கொடுத்தாக வேண்டுமா? அவருக்குத் தெரியாமல் வேறு ஆய்வுக்குப் பயன்படுத்தினால் என்ன இழப்பீடு? பொதுவான சிவில் சட்டத்தையும் அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவையும் பிடித்துக்கொண்டு முட்டி மோத வேண்டியதுதான் என்கிறார்கள் எங்கள் வழக்கறிஞர்கள்.

செடிக்கு இருக்கும் சட்டம்

சென்னைத் தரமணியில் தேசிய பல்லுயிர் ஆணையம் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நம் காட்டிலிருந்து ஒரு மூலிகையை ஆய்வுக்கு எடுத்துப்போக வேண்டுமானால் இந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும். லாபம் வந்தால் அந்த மூலிகையைப் பேணி வந்த மக்களுக்குப் பங்கு தர வேண்டும். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. அகத்தியர் மலைக் காணிக்காரர்கள் அடையாளம் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து கேரளத்தின் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஒன்று மருந்து செய்தது. அதைக் கோவையைச் சேர்ந்த ஆயுர்வேத நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தபோது, வந்த தொகையில் பாதி காணிக்காரர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று.

அதே 2002 சட்டத்தில் ‘உயிரியல் வளம்’ எது என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு விலக்கு இருக்கிறது: மனித மரபுப் பொருள் இதில் அடங்காது. மனிதனைச் சரக்காகப் பார்க்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அப்படி எழுதியிருக்கலாம். ஆனால் வெளியே எடுத்து வைத்ததற்கு வேறு சட்டத்தில் இடம் கொடுக்கவில்லை. ஆக, செடிக்கு ஆணையம் உண்டு, பங்கு உண்டு, மீறினால் அபராதம் உண்டு. அந்தச் செடியை அடையாளம் காட்டியவரின் ரத்தத்துக்கு ஒன்றும் கிடையாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பு.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பியவர்கள் உண்டு. 2019-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த பழைய மசோதாவில் மரபணுத் தரவு, உடல்நலத் தரவு, சாதி ஆகியவை கூடுதல் கவனத்துக்குரியவை என்று தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. 2023 சட்டத்தில் அந்தப் பட்டியலையே காணோம். செல்பேசி எண்ணுக்கும் மரபணுவுக்கும் ஒரே விதி. எண்ணை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். போதாததற்கு, தனிநபர்மீது முடிவெடுக்கப் பயன்படுத்தாதவரை ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. மரபணு ஆய்வில் கேள்வியே ஆராய்ச்சியைப் பற்றித்தான். அந்த இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

முகாமில் நடப்பது

எங்களில் சிலர் ஆண்டுக்கணக்காக முகாம்களில் ரத்தம் எடுத்தவர்கள். பள்ளிக்கூட வராண்டாவில் மேசை போட்டிருக்கும். சர்க்கரை பார்த்துச் சொல்வார்கள் என்று காலையில் வெறும் வயிற்றோடு ஜனம் வந்து நிற்கும். சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். கூடவே ஊதா மூடிக் குழாய் ஒன்று. அதில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து தடவியிருக்கும். வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கும் அதே குழாய்தான், டிஎன்ஏ பிரித்தெடுக்கவும் அதே குழாய்தான். குழாயைப் பார்த்து யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. “ரெண்டு எதுக்கு சார்?” என்று அபூர்வமாக ஒருவர் கேட்பார். “டெஸ்டுக்குத்தாம்மா” என்று பதில் வரும். பொய் சொன்னதாகவும் ஆகாது.

படிவம் ஆங்கிலத்தில் நாலு பக்கம் இருக்கும். தமிழில் இருந்தால் இன்னும் சிரமம்: ‘தங்களது உயிரியல் மாதிரிகள் எதிர்கால ஆய்வு நோக்கங்களுக்காகச் சேமிக்கப்படலாம்’ என்ற வகை வாக்கியங்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஏற்கெனவே பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். “இங்க போடுங்கக்கா” என்பதோடு விளக்கம் முடிந்தது. ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் பேசினால் வரிசை நகராது. பதினோரு மணிக்கு மேல் பசி தாங்காமல் பாதிப் பேர் போய்விடுவார்கள். இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். ரத்தம் எடுக்கிற பிள்ளைக்கு இன்றைக்கு இத்தனை மாதிரி என்று கணக்கு, ஆய்வாளருக்குத் திட்டம் முடியும் தேதி. நல்லவர்களே நடத்தும் முகாமிலும் இப்படித்தான் நடக்கிறது என்பதால்தான் சட்டம் கேட்கிறோம்.

அந்த ‘எதிர்கால ஆய்வு’ என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிசோனா மாநிலத்தின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள்ளே ஹவாசுபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. அவர்களுடைய சுபாய் கிராமத்துக்கு இன்றும் சாலை கிடையாது; நடந்தோ குதிரையிலோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. காலை இழந்தவர்கள் பலர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-லிருந்து அங்கே ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்றுதான் கொடுத்தவர்கள் நினைத்தார்கள். ஆங்கிலம் அவர்களில் பலருக்கு இரண்டாம் மொழி. கையெழுத்து வாங்கிய படிவத்திலோ ‘நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய’ என்ற பொருளில் அகலமாக எழுதியிருந்தது.

2003-ல் கார்லெட்டா டிலூசி என்ற ஹவாசுபாய்ப் பெண் அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுரை ஒன்றைக் கேட்கப் போனார். அவருடைய மக்களின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு அது. சர்க்கரை நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. இதற்கு அனுமதி வாங்கினீர்களா என்று எழுந்து கேட்டார். நூல் பிடித்துப் போகப் போக ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வு, நெருங்கிய உறவுக்குள் கலப்பு எவ்வளவு என்ற ஆய்வு, அவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லும் இடப்பெயர்வு ஆய்வு. அந்தப் பள்ளத்தாக்கில்தான் தாங்கள் தோன்றினோம், அதைக் காப்பது தங்கள் கடமை என்பது ஹவாசுபாய் மக்களின் நம்பிக்கை. நிலத்தின்மேல் அவர்கள் கொண்டாடும் உரிமைக்கும் அதுதான் அடித்தளம். அவர்கள் கொடுத்த ரத்தமே அவர்களுக்கு எதிர்ச்சாட்சியாக நின்றது.

வழக்குப் போட்டார்கள். பல ஆண்டுகள் இழுத்து 2010-ல் சமரசத்தில் முடிந்தது. 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர். மிச்சமிருந்த மாதிரிகளைத் திருப்பித் தர ஒப்பந்தம். பழங்குடியினர் நேரில் போய், உறைபெட்டியில் கிடந்த தங்கள் ரத்தத்தை அழுதுகொண்டே வாங்கி வந்தார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். சமரசம் என்பதால் ஒப்புதல் மீறலைப் பற்றி நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. பிற்காலத்தவர் எடுத்துக்காட்ட ஒரு வரிகூட மிஞ்சவில்லை. நம் நாட்டு வழக்கும் அப்படி முடிந்துவிடக் கூடாது.

உடம்பு வேறு, அதிலிருந்து எடுத்த பொருள் வேறு என்று பிரித்துப் பேசும் நீதிமன்றங்கள் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் ரத்தப் புற்றுநோயாளி ஒருவரின் மண்ணீரலை எடுத்து, அந்தச் செல்களை மருத்துவர் வளர்த்தார்; அவற்றின்மீது அவருடைய பல்கலைக்கழகம் காப்புரிமையும் வாங்கிவிட்டது. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990-ல் சொன்னது: தன் லாப நோக்கத்தை மருத்துவர் மறைத்தது தவறு, ஆனால் அந்தச் செல்கள்மீது நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை. பாப்புவா நியூ கினியின் ஹகஹாய் இனத்தவர் ஒருவரின் செல்களுக்கு அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமே 1995-ல் காப்புரிமை வாங்கியது. உலகெங்கும் கண்டனம் வந்த பிறகு அடுத்த ஆண்டு கைவிட்டது. 1951-ல் இறந்த ஹென்ரியெட்டா லேக்ஸின் செல்களை வைத்து நடந்த வணிகத்துக்கு அவருடைய குடும்பம் ஒரு நிறுவனத்திடமிருந்து சமரசத் தீர்வு பெற 2023 ஆயிற்று. மார்பகப் புற்று மரபணுக்கள்மீது ஒரு நிறுவனம் வைத்திருந்த காப்புரிமையை 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது ஆறுதல். இயற்கையில் உள்ளபடியே இருக்கும் டிஎன்ஏ யாருடைய கண்டுபிடிப்பும் ஆகாது என்றது. நம் காப்புரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அதை அப்படியே காப்பாற்றினால் போதும்.

ஆய்வுக்கு நாங்கள் எதிரிகள் இல்லை

இந்தப் பிரகடனத்தைப் படித்துவிட்டு ஒருவர் ரத்தப் பரிசோதனையையே மறுத்தால் அதைப் போலத் தோல்வி எங்களுக்கு வேறில்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணு சிகிச்சை அளித்தார்கள். கண்காணித்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை என்ற அறிக்கை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. வாரத்தில் இரண்டு மூன்று ஊசி போட்டே பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு இது என்ன செய்தி என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னொன்று: தசைகளைத் தளர்த்த அறுவை அரங்கில் கொடுக்கும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி வைசிய சமூகத்தில் சிலருக்கு மிகக் குறைவு. போட்டால் மூச்சு நெடுநேரம் திரும்பாது. இது ஆய்வில் தெரிந்ததால்தான் விவரமறிந்த மயக்க மருத்துவர் இன்று முன்கூட்டியே விசாரிக்கிறார்.

ஆகவே மாதிரி கொடுங்கள் என்றே சொல்கிறோம். ஜீனோம் இந்தியா திட்டம் எண்பதுக்கும் மேற்பட்ட மக்கள்குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. ஐரோப்பியர் உடம்பை வைத்து எழுதிய மருத்துவத்தை நம்மேல் ஏற்றிப் பார்க்கும் நிலை மாற இது தேவை. அந்தத் தரவு ஃபரீதாபாத்தில் உள்ள அரசின் தரவு மையத்தில், விண்ணப்பித்து அனுமதி பெற்றவருக்கு மட்டும் தரும் முறையில் இருக்கிறது. நல்லது. அந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் மேசையில், ரத்தம் கொடுத்தவர்களின் சார்பாக ஒருவருக்கும் இடம் வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் வழக்கு.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்கலாம். காப்பீட்டிலிருந்து தொடங்குவோம். இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியரில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கிறது. பிற்கால வாழ்க்கையில் இதயத் தசை நோய் வரும் வாய்ப்பை அது கூட்டுகிறது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தவரும் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய (சி.சி.எம்.பி.) ஆய்வாளர்களும் பங்குபெற்று இதைக் கண்டறிந்த ஆய்வு 2009-ல் வெளியானது. இந்தியாவில் கோடிக்கணக்கானோர் என்று கணக்கு. இதயத் தசை நோயுள்ள ஒருவரின் மருத்துவச் செலவைத் தர ஒரு காப்பீட்டு நிறுவனம் மறுத்தது. ‘மரபணுக் கோளாறுகளுக்குப் பொருந்தாது’ என்று பாலிசியில் சிறு எழுத்தில் இருந்தது. 2018-ல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா சிங், அப்படி அகலமாக ஒதுக்குவது அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுக்கு முரணான பாகுபாடு என்று தீர்ப்பளித்தார். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சுற்றறிக்கை விட்டது. ஆனால் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு சுற்றறிக்கையும் சட்டத்துக்கு ஈடாகா. அமெரிக்காவில் 2008-லும் கனடாவில் 2017-லும் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஆயுள் காப்பீடு விடுபட்டுப்போனது. நாம் எழுதும்போது அந்த ஓட்டையையும் சேர்த்து அடைக்கலாம்.

மரபணு ஒருவருக்கு மட்டும் சொந்தமும் இல்லை. அண்ணன் கொடுத்தால் தம்பியிடம் உள்ளதில் பாதியும் வெளியே போகிறது. மாமன் மகள், அத்தை மகனிடம் எட்டில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் நாலில் ஒரு திருமணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடப்பதால் இந்தக் கணக்கு நம்மிடம் இன்னும் நெருக்கம். கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகப் பிடிபடாத கொலைகாரன் ஒருவன் 2018-ல் சிக்கினான். அவன் டிஎன்ஏவை எங்கும் பதிவு செய்யவில்லை, தூரத்துச் சொந்தக்காரர்கள் வம்சாவளி தேடும் தளம் ஒன்றில் பதிந்திருந்தார்கள். கொலைகாரன் பிடிபட்டதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நோய் ஆய்வுக்குக் கொடுத்த ரத்தம் காவல் நிலையக் கோப்புக்குள் நுழையும் வழி அன்றே தெரிந்துவிட்டது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கைதானவர்களின் உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் சேகரிக்க அனுமதிக்கிறது. பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். டிஎன்ஏ வங்கிகளை ஒழுங்குபடுத்துவதற்கென்று வந்த மசோதாவோ 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. சேகரிக்க அதிகாரம் வந்துவிட்டது, கட்டுப்பாடு வரவில்லை.

எச்சில் பரிசோதனை விற்கும் நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனத்தின் 69 லட்சம் வாடிக்கையாளர் தகவல்கள் 2023-ல் களவு போயின. 2025-ல் நிறுவனம் திவால் மனு போட்டது. ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரம் மேசை நாற்காலியோடு சேர்த்து ஏலச் சொத்தாயிற்று. நம்மூர்க்காரர்களும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த குழாயில் துப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்; அழிக்கச் சொல்லும் உரிமையை இங்கே சட்டமாக்கச் சொல்வோம்.

சாதிக் கட்டம்

மாதிரிப் படிவத்தில் பெயர், வயதுக்குக் கீழே சாதி என்று ஒரு கட்டம் இருக்கும். அறிவியல் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் மணம் முடித்ததால் சில நோய்கள் சில குழுக்களில் தேங்கியிருக்கின்றன. கட்டத்தை எடுத்துவிட்டால் நோயைப் பிடிக்க முடியாது. எனவே கட்டம் கூடாது என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. அந்தக் கட்டத்தில் எழுதியது ஆய்வகத்தைத் தாண்டி என்ன ஆகிறது என்பதே கேள்வி.

‘எங்கள் ரத்தம் கலப்பில்லாதது’ என்று பேசுகிறவர்களுக்கு மரபணு ஆய்வு இப்போது புது ஆயுதமாகியிருக்கிறது. ஆய்வு முடிவோ அவர்களுக்கு நேர் எதிரானது. சி.சி.எம்.பி.யின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் உள்ளிட்டோர் 2013-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டின் எல்லாக் குழுக்களும் பரவலாகக் கலந்தன. கதவு மூடியது அதற்குப் பிறகுதான். சாதித் தூய்மைக்கு மரபணுவில் சான்று தேடுகிறவர் எவருக்கும் எங்கள் இயக்கத்தில் இடமில்லை. மரபணு முடிவைக் காட்டி ஒரு குழுவை வந்தேறி என்றோ குற்றப் பரம்பரை என்றோ கூட்டத்தில் பேசுகிறவரை நாங்கள் எதிர்த்து நிற்போம். குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் காட்டிக் கைரேகை வாங்கிய காலத்தின் வடு தமிழ்நாட்டில் இன்னும் ஆறவில்லை.

இங்கே எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்த இடம் ஒன்று உண்டு. ஹவாசுபாய் மக்களுக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கிறது. அது அவர்கள் சார்பில் வழக்காடியது. நம் ஊரில் ஒரு சமூகத்தின் சார்பில் யார் அனுமதி கொடுப்பது? சாதிச் சங்கத் தலைவரா? கூடாது என்பது எங்கள் முடிவு. பெண்கள் பேர் இல்லாத, ஏழைகள் பேர் இல்லாத சங்கத்துக்கு எல்லோருடைய ரத்தத்தின்மேலும் அதிகாரம் கொடுப்பது பழைய கட்டப்பஞ்சாயத்துக்குப் புது முத்திரை குத்துவதாகும். பழங்குடிகளுக்கு வழி இருக்கிறது: 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்ற கிராம சபை. நியமகிரி மலையில் சுரங்கம் வேண்டுமா என்று 2013-ல் கிராம சபைகளைத்தான் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பன்னிரண்டு சபைகளும் வேண்டாம் என்றன. மலைக்குக் கேட்டதை ரத்தத்துக்கும் கேட்கட்டும். சபை சரி சொன்னாலும் தனி ஒருவர் மறுத்தால் மறுப்புதான். மற்ற இடங்களில், மாதிரி கொடுத்தவர்களிலிருந்தே குலுக்கல் முறையில் சிலரைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைக்கலாம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் நாம் பெருமையோடு காட்டும் முறைதான். அங்கே எல்லோர் பேரையும் ஓலையில் எழுதவில்லை, இங்கே எழுதுவோம்.

நீலகிரியை நினைத்தே இதை வற்புறுத்துகிறோம். இந்தியாவில் அரிவாள் செல் மரபணு இருப்பது முதலில் பதிவானது 1952-ல், நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில். கட்டுரை லண்டன் மருத்துவ இதழில் வந்தது. எழுபது ஆண்டு கழித்து, 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது: 17 மாநிலங்களில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் ஒழிப்பது. பரிசோதித்துக்கொண்டவருக்கு நிலையைக் குறித்த அட்டை கொடுக்கிறார்கள். தாய் தகப்பன் இருவரும் மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு நோய் வர. அதைத் தெரிந்துகொள்வது நல்லதே. ஆனால் சுமப்பவர் நோயாளி இல்லை. இந்த ஒரு வரியை நிதானமாக எடுத்துச் சொல்ல ஆள் வைக்காமல் அட்டையை மட்டும் கொடுத்தால், அது பெண் பார்க்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைக்கு ஆபத்து என்றால் பாதிக்காரணம் பையனுடைய மரபணு. கல்யாணம் நிற்பது பெண்ணுக்குத்தான். இன்னொரு பக்கம், இதே நோய்க்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சை 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலை 22 லட்சம் டாலர். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நாங்கள் கேட்பது

மனித மரபணு மாதிரிகளுக்கும் தரவுக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்ற வேண்டும். மருத்துவமனைகளும் பொதுச் சுகாதாரமும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒன்றியம் தாமதித்தால் தமிழ்நாடு சட்டமன்றம் தன் வரம்புக்குள் தொடங்கலாம், காத்திருக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டத்தில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது: ஒரு நோக்கத்துக்காக எடுத்த மாதிரியை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவதானால் மறுபடி கேட்க வேண்டும். ஆளைத் தேடிப் பிடிப்பது சிரமம் என்ற பதிலை நாங்கள் ஏற்கவில்லை. கடன் தவணை ஒரு மாதம் தவறினால் ஆளைத் தேடிப் பிடிக்க முடிகிற நாடு இது. படிவத்தில் செல்பேசி எண் இருக்கிறது. தமிழில் ஒரு குறுஞ்செய்தி, பேசிக் கேட்க ஓர் இலவச எண், மறுக்க ஒரு வழி. இறந்தவர் விஷயத்தில் வாரிசைக் கேட்கட்டும். பேரை நீக்கிவிட்டோம், இனி யாருடையது என்று தெரியாது என்பதும் எடுபடாது. பேர் இல்லாத மரபணுத் தரவிலிருந்தும் ஆளைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை ஆய்வாளர்களே செய்து காட்டியிருக்கிறார்கள்.

மாதிரியைத் திரும்பக் கேட்கவும் அழிக்கச் சொல்லவும் உரிமை வேண்டும். சிகிச்சைக்கு உதவும் ஒன்று ஆய்வில் தெரியவந்தால் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. ஆய்விலிருந்து மருந்தோ பரிசோதனையோ சந்தைக்கு வந்தால், மாதிரி கொடுத்த மக்களுக்கு அது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பணமாகப் பங்கு கேட்கவில்லை. ரத்தத்துக்கு விலை வைத்தால் ஏழைதான் வரிசையில் முதலில் நிற்பான். காப்பீடு, வேலை, கல்வி, எதிலும் மரபணு முடிவைக் கேட்பது குற்றம் என்று எழுதட்டும். ஆய்வுக்குக் கொடுத்த மாதிரி எந்த ஆணையிலும் காவல் துறைக்குப் போகக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு மாதிரிக்கும் கணக்கு இருந்து, அது பொதுப் பார்வைக்கு வர வேண்டும்.

கருவிலேயே மரபணுவைத் திருத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் சீனாவில் ஹ ஜியான்குய் அதைச் செய்து இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்ததாக அறிவித்தார். அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். அந்தக் குழந்தைகளிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அது தடை செய்யப்பட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு அரசிடமிருந்தோ மருந்து நிறுவனங்களிடமிருந்தோ பணம் வேண்டாம். முதல் வேலையாக, தமிழிலும் ஆதிவாசி மொழிகளிலும் பேச்சு வழக்கில் ஒரு பக்க ஒப்புதல் படிவம் தயாரித்து, கேட்கும் நிறுவனங்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுப்போம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டத் தன்னார்வலர்களை முகாம்களுக்கு அனுப்புவோம். ஆய்வாளர்கள் எங்களோடு வர வேண்டும். நம்பிக்கை போனால் அடுத்த முகாமுக்கு ஆள் வர மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் முகாம் நடந்தால் போங்கள். உங்கள் நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் பரிசோதனை எதையும் தள்ளிப்போடாதீர்கள். ஆய்வுக்கு என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஆய்வு, எங்கே வைப்பீர்கள், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும்? கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நகல் தர மறுத்தால் கையை நீட்டாதீர்கள்.